குதிரைசக்தி மாறட்டும், ஸ்பானர் இருக்கட்டும்

2024 ஆகஸ்டில் மகன் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்துக்குப் பக்கம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வந்த நம் சங்க அன்பர்களுக்கு அந்த வாழ்க்கை தெரியும். காலையில் எல்லோரும் வேலைக்குக் கிளம்பிய பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து அணில்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அப்படி இருந்த என்னை ஒரு சனிக்கிழமை பேரன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். "தாத்தா, இன்னைக்கு வுட்வர்ட்ல பழைய கார் எல்லாம் வரும்" என்றான்.

வுட்வர்ட் அவென்யூ சாதாரணச் சாலை அல்ல. 1909-ல் அமெரிக்காவிலேயே முதன்முதலாக ஒரு மைல் நீளத்துக்குக் கான்கிரீட் போட்ட சாலை அது. 1960-களில் கார்க் கம்பெனிகளின் எஞ்சினீயர்களும் உள்ளூர் இளைஞர்களும் இரவில் அங்கேதான் பந்தயம் விட்டுப் பார்த்தார்கள். அந்த நினைவில் 1995 முதல் ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமையன்று பழைய கார்களின் ஊர்வலம் நடக்கிறது. நம் ஊர்த் தேர்த் திருவிழா போல, சாலையின் இரு பக்கமும் குடும்பம் குடும்பமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர் என் வயதுக்காரர். கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு கார் வரும்போதும், பார்க்கும் முன்பே சத்தத்தைக் கேட்டுப் பெயரைச் சொன்னார். கடைசியில், "இதெல்லாம் இன்னும் கொஞ்ச நாள்தான். கரண்டு கார் வந்துவிட்டது. எல்லாம் செத்துவிடும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1980-களில் மத்திய ரயில்வேயின் ஒரு நீராவி ஷெட்டில் இதே வார்த்தையை, இதே குரலில் நான் கேட்டிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு இதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

புஜபலக் கார்

அவர்கள் 'மஸில் கார்' என்கிறார்கள். புஜபலக் கார் என்று நாம் சொல்லலாம். நடுத்தர அளவுள்ள சாதாரணக் காருக்குள், பெரிய காருக்கு உரிய வி-8 எஞ்சினைத் தூக்கி வைத்துவிடுவது. அவ்வளவுதான் சூத்திரம். 1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.வைத்தான் இதன் தலைமகன் என்பார்கள். அதன் கதை அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் பிடிக்கும். நடுத்தரக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகம் ஒரு விதி வைத்திருந்தது. பான்டியாக் பிரிவில் அப்போது தலைமை எஞ்சினீயராக இருந்த ஜான் டிலோரியனும் அவர் கூட்டாளிகளும், புதுக் கார் என்று சொன்னால்தானே விதி தடுக்கும் என்று, பழைய மாடலுக்கு 'கூடுதல் வசதி' என்ற பெயரில் 389 கன அங்குல எஞ்சினை வைத்து விற்றார்கள். நம் கணக்கில் 6.4 லிட்டர், 325 குதிரைசக்தி. விலை சுமார் 300 டாலர் மட்டுமே கூடுதல். முதல் வருடமே முப்பதாயிரத்துக்கும் மேல் விற்றது. விதியும் பிழைத்தது, காரும் பிழைத்தது!

அதே 1964 ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங் வந்தது. ஆரம்ப விலை 2,368 டாலர். இன்றைய மதிப்பில் 24, 25 ஆயிரம் டாலர் இருக்கும். ஒரே வருடத்தில் நான்கு லட்சத்துக்கு மேல் விற்றது. பின்னாலேயே டாட்ஜ் சார்ஜர், ஷெவர்லே கமாரோ, 1970-ல் சாலஞ்சர் என்று வரிசையாக வந்தன. இவற்றை வாங்கியவர்களில் பலர் பணக்காரர்கள் அல்ல. தொழிற்சாலைக்குப் போய்வரும் பையன்கள், ராணுவத்திலிருந்து திரும்பியவர்கள். வாங்கிய காரை வீட்டு வாசலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, கார்புரேட்டரை மாற்றி, இன்னும் இருபது குதிரைசக்தி கிடைக்குமா என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கை கறுக்க வேலை பார்த்தவர்கள். இந்த விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் முடிவில் இதற்கே திரும்பி வருவேன்.

ஒரு முறை செத்துப் பிழைத்தது

மின்சாரம் வருவதற்கு வெகு காலம் முன்பே மஸில் கார் ஒரு தடவை செத்திருக்கிறது. வாலிபர்களுக்கு இன்ஷூரன்ஸ் கட்டணம் எகிறியது. 1970-ல் காற்று மாசுச் சட்டம் வந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. 1974-ல் வந்த மஸ்டாங்கில் வி-8 எஞ்சினே கிடையாது. பிறகு எரிபொருளை அளந்து ஊற்ற கம்ப்யூட்டர் வந்த பின்னர்தான் பழைய பலம் திரும்பியது. 2008-ல் சாலஞ்சரும், அதற்கு அடுத்த வருடம் கமாரோவும் மறுபிறவி எடுத்தன. 2023-ல் வந்த சாலஞ்சர் டீமன் 170 என்ற கார், எத்தனால் கலந்த எரிபொருளில் 1,025 குதிரைசக்தி காட்டியது. எங்கள் டீசல் ஷெட்டில் இருந்த டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சினின் பலம் 2,600 குதிரைசக்தி. ஒருவர் கடைக்குப் போய்வரும் காரில் அதில் ஐந்தில் இரண்டு பங்கு என்றால் நான் என்ன சொல்வது!

ஆனால் அதே 2023 டிசம்பரில் கமாரோவும் நின்றது, பழைய சாலஞ்சரும் சார்ஜரும் நின்றன. அந்த மூன்று பெரிய பெயர்களில் இன்றைக்கும் வி-8 போட்டு விற்பது மஸ்டாங் மட்டுமே.

மோட்டாரின் நியாயம்

மின்சாரக் காரில் பலம் இருக்காது என்று நினைப்பவர்கள் ரயில்வேக்காரனிடம் கேட்க வேண்டும். டீசல் எஞ்சின் என்று நாம் சொல்லும் ரயில் எஞ்சினில், டீசல் சக்கரத்தைச் சுற்றுவதே இல்லை. டீசல் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றும். அந்த மின்சாரம் அச்சுகளில் இருக்கும் மோட்டார்களுக்குப் போகும். மோட்டார்தான் வண்டியை இழுக்கும். ஏன் இந்தச் சுற்றுவழி? நின்ற இடத்திலிருந்து கிளப்புவதில் மின் மோட்டாருக்கு இணை கிடையாது. பெட்ரோல், டீசல் எஞ்சின்கள் வேகமாகச் சுழன்றால்தான் முழுப் பலத்தைத் தரும். மோட்டாரோ சுழற்சி பூஜ்யமாக இருக்கும்போதே முழு முறுக்கு விசையையும் கொடுத்துவிடும். கிளட்ச் வேண்டாம், கியர் மாற்ற வேண்டாம்.

ஆகவே 2021-ல் டெஸ்லாவின் பிளெய்ட் என்ற நான்கு கதவுக் குடும்பக் கார், 1,020 குதிரைசக்தியோடு வந்து, இரண்டே விநாடியில் 60 மைல் வேகத்தைத் தொடும் என்று அறிவிக்கப்பட்டபோது எனக்கு ஆச்சரியம் ஏற்படவில்லை. அதற்குமேல் டயரின் பிடிப்புதான் எல்லை. ரயிலிலும் இப்படித்தான். சக்கரம் வழுக்கினால் தண்டவாளத்தில் மணல் போடுவோம். எங்களுக்கு வழுக்கல் ஒரு குற்றம். டிரைவரிடம் விளக்கம் கேட்பார்கள். வுட்வர்டில் டயர் புகையக் கிளப்புவதற்குக் கைதட்டுகிறார்கள்!

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ரயில் மோட்டாருக்குத் தொடர்ந்து தாங்கும் பலம் என்று ஒன்று, கொஞ்ச நேரம் மட்டும் தாங்கும் பலம் என்று ஒன்று எழுதியிருக்கும். காரிலும் அப்படித்தான். விளம்பரத்தில் வருவது கொஞ்ச நேரப் பலம். மறுபடி மறுபடி மிதித்தால் சூடு ஏறி, கம்ப்யூட்டர் தானாகவே பலத்தைக் குறைத்துவிடும். எடை இன்னொன்று. டாட்ஜ் கம்பெனி கொண்டுவந்த மின்சாரக் கார் சார்ஜர் டேடோனா 2,600 கிலோவுக்கு மேல். அந்த நாள் ஜி.டி.ஓ. அதைவிட ஏறக்குறைய ஒரு டன் குறைவு.

இதில் ஒரு விதி விளையாட்டும் உண்டு. அமெரிக்காவில் நீராவியைத் துரத்தியது யார் தெரியுமா? இந்த ஜெனரல் மோட்டார்ஸ்தான். 1939-ல் அவர்களுடைய எஃப்.டி. என்ற 5,400 குதிரைசக்தி டீசல்-மின்சார எஞ்சின் இருபது ரயில் கம்பெனிகளின் பாதைகளில் 83,000 மைலுக்கு மேல் ஓடிக் காட்டியது. அடுத்த இருபது வருடத்தில் நீராவி முடிந்தது. எழுபதாயிரத்துக்கு மேல் நீராவி எஞ்சின்கள் கட்டிய பால்ட்வின் கம்பெனி 1956-ல் ரயில் எஞ்சின் கட்டுவதை நிறுத்தியது. நம் டபிள்யூ.பி. எஞ்சின்களில் முதல் தொகுதியை 1947-ல் கட்டிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். அன்று நீராவியை வென்ற அதே மோட்டார் இன்று வென்றவர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

பொய்ச் சத்தம்

மேலே சொன்ன டேடோனா காரில் ஒரு வேடிக்கை. பழைய வி-8 போலக் கர்ஜிப்பதற்காகச் சத்தம் எழுப்பும் ஒரு சாதனத்தை அதில் பொருத்தினார்கள். 2022-ல் மாதிரிக் காரைக் காட்டியபோது 126 டெசிபல் என்று பெருமையாகச் சொன்னார்கள். 2024 கடைசியில் விற்பனைக்கு வந்தது. ஆரம்ப விலை 60,000 டாலருக்கு அருகில். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. மலிவான மாடலைச் சீக்கிரமே கைவிட்டார்கள். அதே உடம்பில் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினை வைத்து 2026 மாடலாகக் கொண்டுவந்தார்கள்.

உண்மையான சத்தம் எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறேன். அமெரிக்க வி-8-ல் இரண்டு பக்கமும் நான்கு நான்கு சிலிண்டர். அவை இடம், வலம், இடம், வலம் என்று ஒழுங்காக மாறி மாறி வெடிப்பதில்லை. ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு வெடிக்கும். அதனால் புகைக்குழாயில் தாளம் தவறித் தவறி வரும் அந்த உறுமல். அது வேலையின் விளைவு. பொய்ச் சத்தம் எதன் விளைவும் அல்ல.

செயற்கைச் சத்தமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். டீசல் வந்த புதிதில் வட அமெரிக்காவில், அதன் ஒற்றை ஸ்வர ஹாரன் ரயில் என்று ஜனங்களுக்குப் புரியவில்லை. ராபர்ட் ஸ்வான்சன் என்ற கனடாக்காரர் நீராவி விசில் போலப் பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் ஹாரனை உருவாக்கினார். லெவல் கிராஸிங்கில் உயிரைக் காக்கும் சத்தம் அது. இன்று மின்சாரக் கார்கள் மெதுவாகப் போகும்போது பாதசாரிகளுக்காக ஒலி எழுப்ப வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் இருக்கிறது, அதுவும் நியாயம். எச்சரிப்பதற்குச் சத்தம் வேண்டும். இல்லாத எஞ்சினை இருப்பதாகக் காட்டச் சத்தம் எதற்கு?

டேடோனாவின் தோல்வியையும், 2025-ல் வந்த சட்ட மாற்றங்களையும் பார்த்து, மின்சாரம் தோற்றுவிட்டது என்று அங்கே பலர் சந்தோஷப்படுகிறார்கள். மின்சாரக் காருக்கு அரசு தந்த 7,500 டாலர் வரிச் சலுகை 2025 செப்டம்பரோடு நின்றது. எரிபொருள் சிக்கன விதியை மீறினால் போட்ட அபராதமும் பூஜ்யமாயிற்று. 2035-க்குப் பின் புதிய பெட்ரோல் கார் கூடாது என்ற கலிபோர்னியாவின் விதியைக் காங்கிரஸ் ரத்து செய்து, விஷயம் நீதிமன்றம் போயிருக்கிறது. என் அபிப்பிராயத்தில் இது தவணை, விடுதலை அல்ல. அமெரிக்காவில் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் என்ற ரயில் கம்பெனி, நிலக்கரி தன் பாதையிலேயே கிடைக்கிறது என்று 1960 வரை நீராவியை விடவில்லை. நீராவி டர்பைனில் மின்சாரம் எடுத்து ஓடும் ஒரு ராட்சத எஞ்சினைக்கூட 1954-ல் ஓட்டிப் பார்த்தார்கள். கணக்கு கட்டிவரவில்லை. நல்ல மோட்டாரைச் சட்டமும் அபிமானமும் சில வருடம் தள்ளிவைக்கலாம், அவ்வளவே.

ஷெட்டில் கற்றது

அப்படியானால் பக்கத்து நாற்காலிக்காரர் எதை இழக்கிறார்? வேகத்தை அல்ல. சத்தத்தைக்கூட அல்ல என்பேன். அவருக்குக் கையில் ஸ்பானர் இருந்தது. அந்த ஸ்பானருக்கு ஒரு மரியாதை இருந்தது. அதைத்தான் இழக்கிறார்.

எங்கள் நீராவி ஷெட்டில் ஒரு மூத்த ஃபிட்டர். எல்லோரும் சாச்சா என்போம். எஞ்சின் ஷெட்டுக்குள் நுழையும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சக்கரம் ஒரு சுற்றுக்கு நான்கு தடவை 'சக்' என்று மூச்சு விடும். நான்கும் சமமாக இல்லையென்றால், எந்தப் பக்கத்து வால்வு சரியில்லை என்று அங்கேயே சொல்லிவிடுவார். ஷெட்டை மூடப்போகிறார்கள் என்றதும் ஒரு வாரம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார். அவருக்கு அப்போது 52 வயது.

எங்கள் இருவரையும் டீசல் ஷெட்டுக்கு மாற்றினார்கள். அங்கே அமெரிக்க ஆல்கோ கம்பெனி வடிவமைத்த பதினாறு சிலிண்டர் எஞ்சின். சாச்சாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. மதிய இடைவேளையில் பராமரிப்புப் புத்தகத்தை நான் படித்து ஹிந்தியில் சொல்வேன். அவர் கேட்டுக்கொண்டே எஞ்சினில் அந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பார். ஆறு மாதம் ஆகவில்லை. இன்ஜெக்டர் குழாயில் விரலை வைத்து, "இந்த சிலிண்டர் தூங்குகிறது" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். நீராவி போயிற்று, சாச்சாவின் கை போகவில்லை. காரணம் ரொம்பச் சாதாரணமானது. புத்தகம் கிடைத்தது. மூடியைத் திறக்க முடிந்தது. ஆல்கோவின் சொந்தத் தொழிற்சாலை 1969-லேயே எஞ்சின் கட்டுவதை நிறுத்திவிட்டது. அதன் வரைபடங்கள் காசிக்கு வந்திருந்ததால் அந்த வம்சம் நம் நாட்டில் பல பத்தாண்டுகள் வாழ்ந்தது.

இன்றைய மின்சாரக் காரில் நடப்பது வேறு. பேட்டரி ஸீல் வைத்த பெட்டி. மோட்டாரை ஆளும் மென்பொருள் கம்பெனியின் ரகசியம். பழுதைப் படிக்கவே கம்பெனியின் கருவி வேண்டும். 2021-ல் ஃபோர்டு கம்பெனி, பழைய காரில் பொருத்திக்கொள்ள 281 குதிரைசக்தி மின் மோட்டார் ஒன்றை 3,900 டாலருக்கு விற்றது. நல்ல காரியம்தான். ஆனால் அந்த விலைக்குள் பேட்டரியும் கிடையாது, மோட்டாரை ஆளும் இன்வெர்ட்டரும் கிடையாது. அடுப்பை மட்டும் கொடுத்து, கேஸையும் ரெகுலேட்டரையும் நீயே தேடிக்கொள் என்பது போல.

400 வோல்ட் பேட்டரியைப் பொதுஜனம் தொடலாமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் ரயில்வேயில் எங்கள் தலைக்குமேல் போகும் கம்பியில் 25,000 வோல்ட். அதன்கீழே ஐ.டி.ஐ. படித்த பையன்கள் தினமும் பத்திரமாக வேலை செய்கிறார்கள். பயிற்சி கொடுத்தோம். பெர்மிட் இல்லாமல் ஏறாதே, எர்த் ராடு மாட்டாமல் தொடாதே என்று சொல்லிக் கொடுத்தோம். ஆபத்து என்பது கற்றுக்கொடுக்க ஒரு காரணம். பூட்டி வைக்க அல்ல.

அமெரிக்க ஜனங்களுக்கும் இது புரிந்திருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2020-ல் நடந்த பொது வாக்கெடுப்பில், கார் தானாக அனுப்பும் பழுதுத் தகவல்கள் சொந்தக்காரருக்கும் அவர் விரும்பும் மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும் என்று நூற்றுக்கு 75 பேர் வாக்களித்தார்கள். கார்க் கம்பெனிகள் வழக்குப் போட்டு வருடக்கணக்கில் இழுத்தடித்தன. மஸில் காரின் எதிர்காலம் இந்த வழக்குகளில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் புத்தகத்தோடு நியாயமான விலைக்குக் கொடுக்கட்டும். 1964-ல் கார்புரேட்டரோடு மல்லுக்கட்டிய பையனின் பேரன், மின்சாரத்தோடு மல்லுக்கட்டுவான். அவன் கட்டும் கார் உறுமாது. ஆனாலும் அது மஸில் கார்தான். கொடுக்காவிட்டால், வேகமான வண்டி இருக்கும், வாலிபன் வெறும் பயணியாக இருப்பான்.

தொழிலாளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாலஞ்சரும் சார்ஜரும் கனடாவின் பிராம்ப்டன் ஊரில் கட்டப்பட்டன. 2023 டிசம்பரில் வேலை நின்றது. சுமார் மூவாயிரம் பேர் புதுக் காருக்காகக் காத்திருந்தார்கள். 2025 அக்டோபரில் அந்தப் புதுக் காரும் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துக்குப் போகிறது என்று அறிவிப்பு வந்தது. சாச்சாவை அரசு ரயில்வே இன்னொரு ஷெட்டுக்கு அனுப்பியது. இவர்களை யார் எங்கே அனுப்புவது?

ஊருக்குத் திரும்பும் முன் பேரனை அருகிலிருந்த டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே அலிகேனி என்ற நீராவி எஞ்சின் நிற்கிறது. 1941-ல் கட்டியது. அவ்வளவு பெரிய எஞ்சினை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. பதினைந்தே வருடம் ஓடி, காட்சிப் பொருளாகிவிட்டது. அதே கூரையின் கீழ் 1964-ல் கட்டிய முதல் நம்பர் மஸ்டாங்கும் நிற்கிறது. பேரன் இரண்டையும் பார்த்துவிட்டு, "தாத்தா, இதுல எதை உனக்கு ரிப்பேர் பண்ணத் தெரியும்?" என்று கேட்டான். புத்தகமும் சாவியும் கொடுத்தால் இரண்டையும் கற்றுக்கொள்வேன் என்றேன். "அப்பாவோட கார்?" என்றான். மகனுடையது மின்சாரக் கார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நம் பிள்ளைகளும் இங்கே மின்சார ஸ்கூட்டர் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். தெருமுனை மெக்கானிக்கிடம் ஒரு நாள் அதைக் காட்டி, இதைத் திறந்து பார்க்க உன்னால் முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதிலை நம் இதழுக்கு எழுதுங்கள்.